என் தங்கைக்கு நான் காட்டிய மணவாளன்

நான் என் தங்கையை ஏமாற்றினேன். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாற்றினேன். அவள் விரும்பிய மனிதனை அவளே தள்ளிவிட வேண்டும் என்பதற்காக, "உனக்கு மணவாளன் கிறிஸ்துதான்" என்று சொல்லி நம்பவைத்தேன். நான் காட்டிய வசனங்களுக்கு அந்தப் பொருள் கிடையாது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அறியாமல் செய்த பிழை என்று என்னை மன்னிக்க ஆயத்தமாகிறீர்களா? அந்த வேலையை இப்போதே விட்டுவிடுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சபையில் பெண்கள் கூட்டத்துக்கு நெடுங்காலம் வேதபாடம் நடத்தியவள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்ல இன்றைக்கும் பத்துப் பேர் இருக்கிறார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவளை வீழ்த்தினேன்.

என் தங்கை பெயர் மலர். அம்மா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலோடு கிடந்தார். ஆகவே வீட்டில் எதையும் தீர்மானிக்கிறவள் நானாகவே இருந்தேன். மலர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடுவாள். வாய்த்துடுக்கு அதிகம். என்னைத் தவிர வேறு யாருக்கும் அடங்க மாட்டாள்.

மலருக்கு இருபத்தைந்து வயது நடந்த வருடம் எங்கள் கோவில் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார்கள். பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த சாமுவேல் அதற்காக வந்தான். ஊர் சீவலப்பேரி. அவனும் ஆலயத்துக்குப் போகிற குடும்பம்தான், எங்களைப் போலவே தாத்தா காலத்திலிருந்து. கதவு வேலை முடிந்த பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோவிலுக்கே வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தான். எதற்காக என்று ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் ஒளிந்து திரியவில்லை. ஒரு சனிக்கிழமை தன் தாயாரை அழைத்துக்கொண்டு, பழங்களோடு வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டான். அந்த அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்ககிட்ட ஒண்ணும் பெருசா கிடையாதும்மா. பிள்ள நல்லாப் பாத்துக்கிடுவான். ஒங்க தங்கச்சிய நான் எம் மக மாதிரி வச்சுக்கிடுதேன்" என்றார்.

அப்பாவிடம் கலந்து சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போனதும் அந்த இரண்டு டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். அடுத்த நாள் ஞாயிறு. நற்கருணையில் திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில் வரிசையாக வாய் வைத்துக் குடித்தோம். எனக்கு முன்னால் குடித்தவன் சாமுவேல்! அங்கே எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. கோவிலுக்குள் ஒரு நாக்கு, வீட்டுக்குள் ஒரு நாக்கு என்று எங்களுக்கு இரண்டு உண்டு. உங்களுக்கு எப்படி?

எங்கள் வீட்டில் ஜாதி என்ற சொல்லை யாரும் உச்சரித்ததே இல்லை. உச்சரிக்க அவசியம் இருந்ததில்லை. நம்ம ஆட்கள், நல்ல குடும்பம், பழைய சபை, பாரம்பரியம்... எத்தனை நாகரிகமான சொற்கள் வைத்திருந்தோம்! அவற்றுள் ஒன்றைத்தான் மலரிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். அவுக நம்ம ஆட்கள் இல்லை, யோசித்துக்கொள் என்றேன்.

மலர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவுகளுக்கு மட்டும் வேற ஆத்துத் தண்ணியிலயா ஞானஸ்நானம் குடுத்தாக?"

அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே தாமிரபரணிதான். அந்த வழியில் போனால் இவளை வெல்ல முடியாது என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வெல்ல வேண்டும் என்று எனக்கு ஏன் அத்தனை வெறி? தங்கையின் நன்மைக்காக என்றா? அப்பாவின் கௌரவத்துக்காக என்றா? இல்லை. என் கல்யாணத்துக்காக!

எனக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. வயது ஏறிக்கொண்டே போன பிறகு, எத்தனையோ இடங்கள் தட்டிப்போன பிறகு, கடைசியாக வந்த நல்ல இடம். எங்கள் சபை வழக்கப்படி, மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்கள் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். என் ஓலை வாசிக்க நாள் குறித்தாயிற்று. அந்த வாரத்தில் மாப்பிள்ளையின் தாயார் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்க சின்னவளப் பத்தி ஒரு பேச்சு அடிபடுதே டீச்சர். ஓலை வாசிக்க முன்னாடி அத முடிச்சிருங்க. அப்புறம் எங்க ஆட்களுக்கு நாங்க பதில் சொல்ல முடியாது."

முடித்தேன்.

எப்படி முடித்தேன் என்பதைத்தான் இத்தனை வருடமும் எவரிடமும் சொல்லவில்லை. மலருக்கு ஆண்டவர் மேல் உண்மையான அன்பு இருந்தது. என்னைப் போல அல்ல, உண்மையாகவே ஜெபிக்கிறவள். அவளிடம் எனக்குப் பிடி கிடைத்த ஒரே இடம் அதுதான். அதைப் பிடித்தேன்.

சாயங்காலந்தோறும் அவளை உட்காரவைத்து வேதத்தைத் திறந்தேன். பழைய ஏற்பாட்டில் உள்ள காதல் பாட்டுகளை வாசித்து, இது உனக்கும் ஆண்டவருக்கும் நடக்கிற பேச்சு என்றேன். ஆண்டவர் தம் ஜனத்தை நோக்கி, நித்திய விவாகத்துக்கென்று உன்னை எனக்கு நியமித்துக்கொள்ளுவேன் என்று தீர்க்கதரிசி மூலம் சொன்னதைக் காட்டி, இது உன் பெயருக்கு வந்த வார்த்தை என்றேன். விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த கன்னிகைகளைக் காட்டி, நீ அவர்களுள் ஒருத்தி என்றேன். இப்படிப்பட்ட அழைப்பு எல்லாருக்கும் வராது, வந்தபின் மனிதனிடம் போகிறவள் துரோகி என்றேன். துரோகி! அந்தச் சொல்லைச் சொன்னபோது அவள் முகம் வெளுத்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன்.

இனி அந்த வசனங்களின் உண்மைப் பொருளைச் சொல்லுகிறேன். மலருக்குச் சொல்லாததை உங்களுக்காவது சொல்ல வேண்டும்.

வேதத்தில் மணவாட்டி ஒரு தனிப் பெண் அல்ல. தீர்க்கதரிசிகள் மணவாட்டி என்று சொன்னது ஒரு முழு ஜனத்தை. அந்த ஜனம் திரும்பத் திரும்ப விட்டுப் போகிறது. ஆண்டவரோ மானம் மரியாதை பார்க்காமல் பின்னாலேயே போய்க் கூப்பிடுகிறார். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் மணவாட்டி என்று எழுதியது சபை முழுவதையும். அதிலும் மணவாளன்தான் தன்னைக் கொடுக்கிறான், தன் உயிரையே கொடுக்கிறான். வேதத்தின் கடைசியில் மணவாட்டி வானத்திலிருந்து இறங்குகிறாள், அவள் ஒரு நகரம்! மதிலும் வாசல்களும் உள்ள நகரம். அந்த வாசல்கள் அடைக்கப்படுவதே இல்லை. ஜனங்கள் அதன் வெளிச்சத்தில் நடப்பார்கள் என்றே எழுதியிருக்கிறது.

அந்தக் கன்னிகைகள் கதையில் மணவாட்டியே வரவில்லை, கவனித்திருக்கிறீர்களா? விளக்கேந்தி நின்றவர்கள் தோழிகள். ஆண்டவர் எந்தப் பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு, நீ இன்னொருவனை மணக்காதே, நான் உனக்குப் புருஷன் என்று சொன்னதாக ஒரு வரி கிடையாது. துறவறம் பூணுகிற பெண்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் தெரிந்து, ஆராய்ந்து, தாங்களாகத் தேர்ந்துகொள்கிறவர்கள். மலர் தேர்ந்துகொள்ளவில்லை. அவளுக்காக நான் தேர்ந்தேன்.

இதெல்லாம் எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அதற்கு முந்தின வருடம் வேதபாடத் தேர்வு எழுதினேன். மணவாட்டி என்னும் உருவகம் எதைக் குறிக்கிறது, விளக்கி எழுதுக என்று ஒரு கேள்வி. பக்கம் பக்கமாக எழுதினேன். பரிசு கொடுத்தார்கள். மேடையேறி வாங்கினேன். கீழே உட்கார்ந்து கை தட்டியவள் மலர்.

இப்போது புரிகிறதா, நான் செய்தது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று? ஒரு பொய்யான பொருளைச் சொன்னேன் என்பதோடு அது முடியவில்லை. உண்மையான பொருளைச் சொல்லியிருந்தால் மலர் ஜெயித்திருப்பாள். எல்லா ஆட்களும் சேர்ந்துதான் ஒரே மணவாட்டி என்றால், அந்த இரண்டு டம்ளருக்கு என்ன வேலை? சாமுவேலுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டிய வசனத்தைக் கொண்டே கதவைச் சாத்தினேன்.

நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது. எந்த ஆட்கள் என்று நாங்கள் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே மாப்பிள்ளை ஆண்டவர்தான். அவரும் படத்தில் இருக்கிறவரைக்கும்தான். அந்தத் தச்சன் தன் தாயாரை அழைத்துக்கொண்டு, பழங்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால், ஊர் எது, ஆட்கள் யார் என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பியிருப்பேன்.

அந்த மாதமே பெரிய பந்தல் போட்டுக் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. கடைசி நாளில், வாழ்க்கையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று பிரசங்கியார் அழைத்தார். மலர் என் பக்கத்தில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பைய எழுந்து போனாள். பெண்கள் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, மெய்யான கண்ணீர். என்னைப் பார்த்து நானே பயப்படுவது அதை நினைக்கும்போதுதான்.

சாமுவேல் ஒருமுறை அவளைப் பார்க்க வந்தான். பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறான். என்ன பேசினார்கள் என்பதை மலரே அன்றைக்கு என்னிடம் சொன்னாள்.

"ஒங்க அக்கா வேண்டாம்னாகன்னா நான் நின்னு பேசுதேன். நீ வேண்டாம்னா போயிருதேன். நீ சொல்லு" என்றானாம்.

"நான் ஆண்டவருக்குச் சொந்தம்" என்றாளாம் இவள்.

அவன் என்ன செய்வான்? எதிரே ஒரு மனிதன் நின்றால் மல்லுக்கட்டலாம். என்னோடு மோதியிருந்தால் அவன் வென்றிருக்கவும் கூடும். விசுவாசியான பிள்ளை, கடவுளோடு போட்டி போட அவனுக்கு மனம் வரவில்லை. போய்விட்டான். அதையும் நான் முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தேன்.

என் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறும் யாரும் எழுந்து ஆட்சேபணை சொல்லவில்லை. என் கல்யாணத்தில் வெள்ளைச் சேலை கட்டி எனக்குத் தோழியாக நின்றாள் மலர். நான் கணவனோடு மதுரைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர். நான் சந்தோஷமாக இருந்தேன்... ஆம், இருந்தேன்! கஷ்டப்பட்டேன், தண்டனை கிடைத்தது என்று நான் சொல்வேனென எதிர்பார்த்தீர்களோ? ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், படித்தார்கள், வெளிநாடு போனார்கள். இடமாற்றம் வாங்கிப் பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தபோது சபை எனக்குப் பெண்கள் கூட்டத்தைக் கொடுத்தது.

மலர் அப்பாவுக்குப் பீத்துணி அலசினாள். வருடக்கணக்காக. அவர் போன பிறகு ஆஸ்பத்திரி வார்டுகளில் நோயாளிகளுக்கு ஜெபிக்கப் போனாள். வெள்ளைச் சேலையை மாற்றவே இல்லை. ஊரார் அவளை சிஸ்டர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். எப்பேர்ப்பட்ட தியாகம் என்று என்னிடமே வந்து மெச்சுவார்கள். கூட்டத்தில் நான் அவளை எடுத்துக்காட்டாகக் காட்டிப் பேசியிருக்கிறேன்! வெட்கமில்லாமல் பேசியிருக்கிறேன். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த குறிப்புக்குப் போவேன்.

என் கணவர் இறந்த பிறகு நான் மலரோடு வந்து இருக்கிறேன். அதே வீடு. இரண்டு கிழவிகள்.

போன வருடம் எங்கள் கோவிலில் ஒரு கல்யாணம். மணமகள் சாமுவேலின் மகள். மாப்பிள்ளை எங்கள் ஆட்கள்! இருவரும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலையாம். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார்கள், பிறகு சரியாகிவிட்டார்கள். பெண்ணின் சம்பளத்தைக் கேட்டதும் சரியானார்கள் என்பது என் அனுமானம். எங்கள் பாரம்பரியத்தின் விலை அவ்வளவுதான். இதற்காகவா... சரி, விடுங்கள்.

நாங்கள் இருவரும் போயிருந்தோம். புதிதாக வந்திருந்த இளம் போதகர் பிரசங்கம் செய்தார். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். அந்த ஐயர் அலட்டிக்கொள்ளாமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார். வேதத்தில் மணவாட்டி என்பது ஒரு ஆள் அல்ல, எல்லா ஜனங்களும் சேர்ந்த ஒரே சபை, ஆகவே இந்த இரண்டு குடும்பங்களும் இன்றைக்குச் சேர்ந்து நிற்பதே அந்த மணவாட்டியின் சாயல் என்றார். நான் பரீட்சையில் எழுதியது அப்படியே அவர் வாயில் வந்தது. எனக்குப் பக்கத்தில் மலர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். சாமுவேல் வாசலில் நின்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. மலரைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லாருக்கியளா சிஸ்டர்? பிள்ளைகளுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

சிஸ்டர். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்! கேலியில்லை, கோபமில்லை, முழு மரியாதையோடு சொன்னார். மலர் மணமகளின் தலையில் கை வைத்து ஜெபித்தாள். குரல் நடுங்கவில்லை. அந்தப் பெண் குனிந்து நின்றாள். மூக்கும் நெற்றியும் சாமுவேலைப் போலவே இருந்தன. நான் செருப்பைத் தேடுகிறவளைப்போல அப்பால் நகர்ந்துவிட்டேன்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில் மலர் கேட்டாள்.

"ஐயர் சொன்னதக் கேட்டியாக்கா? மணவாட்டிங்கது ஒரு ஆளு இல்லியாம்."

"ம்" என்றேன்.

"ஒனக்கு அது அப்பமே தெரியுமா?"

இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. மெதுவாகக் கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். தெரியும் என்ற ஒரு சொல் போதும். இனி எனக்கு நடக்க என்ன கல்யாணம் இருக்கிறது? இழக்க என்ன இருக்கிறது? அந்தப் பொய்யால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"இல்ல மலரு. எனக்கும் இன்னைக்குத்தான் வெளங்குது."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாவம்க்கா நீயி. ஒனக்கும் யாரும் ஒழுங்கா சொல்லித் தரல போல."

ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. குதிக்கவில்லை. கையை அவள் மடியிலேயே விட்டுவைத்தேன்.

இப்போது உங்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. இதைப் படித்துவிட்டு, போய் உன் தங்கையிடம் சொல் என்பீர்கள். எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். அறுபதைத் தாண்டியவளிடம் போய், உன் வாழ்க்கையை நான் தெரிந்தே எடுத்தேன் என்று சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? இப்படி நான் கேட்பதுகூட அவள்மேல் உள்ள அக்கறையால் அல்ல. அவள் என் கையை உதறிவிடுவாளே என்ற பயத்தால்தான். அன்றும் எனக்காகத்தான் பொய் சொன்னேன், இன்றும் எனக்காகத்தான். நான் கொஞ்சமும் மாறவில்லை.

பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு. மலர்தான் ஜெபிப்பாள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஜெபத்தில் புதிதாக ஒரு வேண்டுதல் சேர்ந்திருக்கிறது.

"ஆண்டவரே, எங்க அக்கா தெரியாம சொல்லிக் குடுத்தத அவ பேருல குத்தமா வச்சிராதீரும்."

ஜெபம் முடிந்ததும் கேட்கிறவர் ஆமென் சொல்ல வேண்டும். வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் சொல்லும்வரை அவள் கண்ணைத் திறக்காமல் காத்திருக்கிறாள்.

தினமும் சொல்லுகிறேன்.